முக்கொம்பில் நிறைந்தது, கடைமடைக்கு வந்ததா?



"பங்குச் சந்தை பற்றி எழுதுங்கள் சார்" என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் சந்தையின் போக்கை மனிதர்கள் எப்படி அளந்து வந்தார்கள் என்ற வரலாறு சொல்லலாம். ஓய்வுபெறும்போது வரும் பி.எஃப். பணத்தைச் சந்தையில் போடும் வீடுகள் ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் இப்போது நிறைய. செல்போனில் பச்சை, சிவப்புக் கோடுகளைப் பார்த்து வியாபாரம் செய்யும் பிள்ளைகளும் நிறைய. இரு தரப்பாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 40 மாணவர்கள். காலாண்டுத் தேர்வைவிட அரையாண்டில் 5 பேர் தலா 30 மதிப்பெண் கூடுதலாக எடுக்கிறார்கள். மீதி 35 பேருக்கும் தலா 2 மதிப்பெண் குறைகிறது. வகுப்புச் சராசரி என்ன ஆகும்? 2 மதிப்பெண் ஏறும்! தலைமையாசிரியர் மகிழ்ந்துபோவார். 35 பிள்ளைகள் சறுக்கியது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

சென்செக்ஸும் நிஃப்டியும் அப்படிப்பட்ட சராசரிகள்தான். 1986இல் தொடங்கிய சென்செக்ஸில் 30 கம்பெனிகள், 1996இல் வந்த நிஃப்டியில் 50. அதிலும் எல்லோருக்கும் ஒரே எடை இல்லை. பெரிய கம்பெனிக்குப் பெரிய எடை. நிஃப்டியின் முதல் பத்து கம்பெனிகளின் எடை மட்டுமே பாதிக்கும் மேல்.

இந்தச் சராசரி முறையைத் தொடங்கியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டவ். 1884இல் 11 கம்பெனிகளின் விலையைக் கூட்டி வகுத்து வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ரயில்வே கம்பெனிகள். இன்று செல்போனில் நீங்கள் பார்க்கும் கேண்டில் சார்ட்டின் வேர் ஜப்பானில் இருக்கிறது. ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரசு அங்கீகாரம் பெற்றது. ஹொம்மா முனெஹிசா என்ற அரிசி வியாபாரியோடு சேர்த்தே அந்த வரைபட முறையைச் சொல்வது வழக்கம். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இது சந்தோஷமான செய்திதானே!

சராசரி மட்டும் போதாது என்று உணர்ந்தவர்களில் ஒருவர் கிளீவ்லண்ட் டிரஸ்ட் கம்பெனியின் லெனர்ட் அயர்ஸ். 1920களில் அவர் இன்று ஏறிய பங்குகள் எத்தனை, இறங்கிய பங்குகள் எத்தனை என்று தலை எண்ணத் தொடங்கினார். இதைத்தான் இப்போது 'மார்க்கெட் பிரெட்த்' என்கிறார்கள். சந்தையின் பரப்பு என்று சொல்லலாம். செய்முறை எளிது. இன்று 30 பங்குகள் ஏறி 20 இறங்கினால் +10. நாளை 15 ஏறி 35 இறங்கினால் –20. இரண்டையும் கூட்டினால் –10. இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே போய் வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் ஒரு கோடு வரும். குறியீடு மேலே போகும்போது இந்தக் கோடு கீழே போனால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1972இல் அதுதான் நடந்தது. இந்தக் கோடு அந்த ஆண்டின் வசந்த காலத்திலிருந்தே இறங்கியது. டவ் குறியீடோ ஏறிக்கொண்டே போய் 1973 ஜனவரி 11 அன்று 1051ஐத் தொட்டது. 1974 டிசம்பரில் அது 577. ஏறக்குறைய பாதி!

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1920இல் சென்னையில் தொடங்கிய பங்குச் சந்தையில் 100 உறுப்பினர்கள். 1923இல் மிஞ்சியவர்கள் மூவர்! கடையை மூடிவிட்டார்கள். ஆலைகள் பெருகிய பிறகு 1937இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரைக்கு வியாபாரத்தைக் கொண்டுவரும் வரை, திருச்சியில் இருப்பவருக்கு மறுநாள் நாளிதழில் வரும் பொடி எழுத்துதான் சந்தை.

1992 உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1990 ஜூலையில் 1000ஐத் தொட்ட சென்செக்ஸ், 1992 ஏப்ரல் 22 அன்று 4467. மறுநாள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலாலின் செய்தி வெளிவந்தது. வங்கிப் பணம் ஹர்ஷத் மேத்தா வழியாகச் சந்தைக்குள் பாய்ந்த கதை அம்பலமானது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 570 புள்ளி வீழ்ச்சி. வரைபடம் விலை ஏறியதைச் சரியாகத்தான் காட்டியது. அது யாருடைய பணம் என்பதைக் காட்டவில்லை. எந்த வரைபடத்தாலும் காட்ட முடியாது.

இனி 2018. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 இரவை நம் ஊரில் யார் மறப்பார்கள்? 1836இல் ஆர்தர் காட்டன் தொடங்கிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 உடைந்து போயின. அதற்கு ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று நிஃப்டி 11,738 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. தொலைக்காட்சியில் ஒரே கொண்டாட்டம். ஆனால் சிறு, நடுத்தரக் கம்பெனிகளின் குறியீடுகள் ஜனவரியிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. டெல்டா விவசாயி கேட்பது போலக் கேட்டிருக்க வேண்டும்: முக்கொம்பில் தண்ணீர் நிறைந்தது சரி, கடைமடைக்கு வந்ததா? வரவில்லை. செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தடுமாறியது. அக்டோபர் இறுதியில் நிஃப்டி 10,030 அருகே. ஆண்டு முழுவதுக்கும் பார்த்தால் நிஃப்டி சுமார் 3 சதவீதம் ஏற்றம். ஸ்மால்கேப் 100 குறியீடு சுமார் 29 சதவீதம் வீழ்ச்சி. "சந்தை நன்றாகத்தானே இருக்கிறது, என் பணம் மட்டும் ஏன் கரைகிறது?" என்று பலர் அப்போது கேட்டதற்கு இதுதான் பதில்.

அப்படியானால் இந்தக் கோடு ஜோதிடமா? இல்லவே இல்லை. 2019 மே மாதம் நிஃப்டி 12,000ஐத் தாண்டியது. அப்போதும் சிறு பங்குகள் பழைய உச்சத்துக்கு வெகு கீழேதான். பரப்பு குறைந்துவிட்டது, நாளைக்கே எல்லாம் சரியும் என்று நம்பியவர்கள் காத்துக் காத்துக் களைத்தார்கள். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளி சரிந்ததற்குக் காரணம் ஒரு கிருமி. அதை எந்த வரைபடத் தாளும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. வரைபடமும் எண்ணிக்கையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி. உடம்பு சுடுகிறது என்று சொல்லும். என்ன நோய், எப்போது தீரும் என்று சொல்லாது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்கள் கையிலும் சார்ட் இருந்தது, பிள்ளைகளே.

ஆகவே இனி "சந்தை புதிய உச்சம்" என்று செய்தி வந்தால், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு வரியையும் படியுங்கள். ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை என்று தினமும் வெளியிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத காலத்தில் அவசரப்பட்டுப் புதுப் பணம் போடாதீர்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் விற்கவும் வேண்டாம். பெண் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் வைத்த பணத்தை எந்தக் கோட்டை நம்பியும் சூதாட்டத்தில் இறக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கணக்கு வாத்தியாராக இருக்கும் நம் பழைய மாணவர்கள் யாராவது, அந்த 40 பேர் கணக்கைச் சரிபார்த்துச் சொன்னால் மகிழ்வேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.