மை ஊத்துற பிரிண்டர் வந்த வழி

டவுன்ல இருக்கிறவங்களுக்கு பிரிண்டர்னா ஆபீஸ் சாமான். டெல்டாவுல எங்களுக்கு அது நெல் விக்கிறதுக்கு வேண்டிய சாமான். நேரடி கொள்முதல் நிலையத்துல நெல் போடணும்னா சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் புத்தகம் எல்லாத்துக்கும் நகல் கேப்பாங்க. பயிர்க் காப்பீட்டுக்கும் அதே கட்டு, சொசைட்டியில பயிர்க்கடனுக்கும் அதே கட்டு. நெல்லு களத்துல கிடக்கும், மேகம் கூடிக்கிட்டு வரும், ஜெராக்ஸ் கடையில கரண்ட் இருக்காது. ஒரு காகிதம் குறைஞ்சதுக்காக வரிசையில பின்னால போய் நின்ன ஆளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

அதனால மை ஊத்துற பிரிண்டர் எங்க வீட்டுக்கு வந்தது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. இது உலகத்துக்கே எப்படி வந்ததுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சேன். விதை நெல்லுக்கும் இதுக்கும் ஒரு உறவு இருக்குன்னு பட்டுது. அதை எழுதலாம்னு உக்காந்திருக்கேன்.

முதல்ல மையைப் பத்திச் சொல்லணும். நாங்க படிச்ச காலத்துல மை பாட்டில்ல இருந்துதான் வரும். ஆறாம் வகுப்புல இங்க் பேனா. வீட்டுல மை தீர்ந்திருந்தா பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த பெட்டிக்கடையில காசு கொடுத்தா பேனாவுக்குச் சொட்டு மருந்து ஊத்துற மாதிரி ஊத்தி விடுவாங்க. எங்க அப்பா காலத்துல அதுவும் கிடையாது, மை மாத்திரையைத் தண்ணியில கரைச்சு எழுதியிருக்காங்க. கேமல் மை விக்கிற கேம்லின் கம்பெனிகூட 1931ல குதிரை மார்க் மைத்தூளும் மாத்திரையும் வித்துத்தான் ஆரம்பிச்சிருக்கு. பேனா ஒரு தடவை வாங்குறது. மை தீரத் தீர ஊத்துறது. யார் மையை யார் பேனாவுல ஊத்தினாலும் எழுதும். அப்புறம் பால்பாயிண்ட் வந்தது. தீர்ந்தா ரீஃபில் மாத்தினோம். பிறகு ரீஃபில் மாத்துறதையும் விட்டுட்டு பேனாவையே தூக்கிப் போட ஆரம்பிச்சோம். பிரிண்டரும் கிட்டத்தட்ட இதே பாதையிலதான் போயிருக்கு. ஆனா அது திரும்பி வந்திருக்கு, பேனா வரலை.

மையைத் தெளிச்சு எழுதலாம்ங்கிற யோசனைக்கு 1951ல ஒரு காப்புரிமை இருக்கு. ஸ்வீடன்காரர் ரூனே எல்ம்க்விஸ்ட் வாங்கினது. மருத்துவக் கருவியோட முள்ளு அசையிறதுக்குப் பதிலா மையே பீய்ச்சி அடிச்சுக் கோடு போடுற ஏற்பாடு. இதே மனுஷன்தான் 1958ல ஆள் உடம்புக்குள்ள வச்ச முதல் பேஸ்மேக்கரையும் செஞ்சவர். நெஞ்சு துடிப்பைக் காகிதத்துல எழுத ஒண்ணு, துடிக்க வைக்க ஒண்ணு.

நடுவுல பல கம்பெனி பல வழியில முட்டிப் பாத்தது. அதை விட்டுடறேன். முக்கியமான திருப்பம் 1977ல ஜப்பான்ல. கேனான் ஆராய்ச்சிக்கூடத்துல இச்சிரோ எண்டோங்கிறவர் வேலை பாத்துக்கிட்டிருந்தப்ப, சூடான சால்டரிங் அயர்ன் மை ஏத்தின சிரிஞ்சோட ஊசியில பட்டுடுச்சு. ஊசி முனையில இருந்து மை சொட்டு தெறிச்சுது. சூடு பட்டா மைக்குள்ள குமிழி உண்டாகுது, குமிழி மையைத் தள்ளுது. அவ்வளவுதான் சூத்திரம். கிட்டத்தட்ட அதே காலத்துல அமெரிக்காவுல எச்.பி. கம்பெனியில ஜான் வாட்டுங்கிறவரும் தனியா இதையே கண்டுபிடிச்சார். காபி கொதிக்கிற பாத்திரத்துல ஆவி தண்ணியை மேல தள்ளுறதைப் பாத்து அவருக்கு யோசனை வந்ததாச் சொல்றாங்க. அடுப்புல சோறு பொங்கி மூடியைத் தூக்குறதை நாம தினமும் பாக்குறோம், தீயைக் குறைச்சுட்டுப் போயிடறோம்.

1984ல எச்.பி. 'திங்க்ஜெட்'ங்கிற பிரிண்டரைக் கொண்டு வந்தது. இங்கதான் கவனிக்கணும். மை தெறிக்கிற துளை தலைமுடியைவிடச் சின்னது. அடிக்கடி அடைச்சுக்கும், சூட்டுல கெட்டும் போயிடும். அதனால மையையும் துளையையும் ஒரே சின்ன டப்பாவுல வச்சு, தீர்ந்தா டப்பாவோட கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுற மாதிரி செஞ்சாங்க. கார்ட்ரிட்ஜ்னு இன்னைக்குச் சொல்றது அதைத்தான். இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லை. அன்னைக்கு அது புத்திசாலித்தனமான வேலை. அடைச்ச துளையை வச்சுக்கிட்டு யாரும் கஷ்டப்பட வேண்டாம்.

பிற்பாடுதான் அது வேற மாதிரி ஆச்சு. 1988ல டெஸ்க்ஜெட் வந்தப்ப ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழ விலை. பிறகு வருஷத்துக்கு வருஷம் மிஷின் விலை இறங்கிக்கிட்டே போச்சு, மை விலை மட்டும் இறங்கலை. மாட்டைச் சும்மா கொடுத்து ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டு, வைக்கோல் மட்டும் எங்ககிட்டதான் வாங்கணும்னு சொன்னா எப்படி? அந்த ஏற்பாடுதான்.

எங்க வீட்டுல அந்த மாதிரி ஒண்ணு இருந்தது. கும்பகோணத்துல இருக்கிற மச்சான் புதுசு வாங்கினதும் பழசைக் கொடுத்து விட்டார். கம்பெனி பேர் வேண்டாம், அப்ப எல்லாக் கம்பெனியும் ஒரே கணக்குத்தான். கருப்பு டப்பா அறுநூறு ரூபாய்க்கு மேல. நூறு, நூத்தம்பது பக்கம் வந்தாப் பெருசு. ஒரு பக்கத்துக்கு மை மட்டும் நாலஞ்சு ரூபாய். சிட்டா நகல் எடுத்துட்டு, பாப்பா பள்ளிக்கூடப் படத்தைக் கேட்டா, வீட்டுக்காரம்மா "கையால வரைஞ்சுக்கோடி" என்பாங்க. ஒரு மாசம் தொடாம இருந்தா காஞ்சும் போயிடும். அடிக்காத மைக்கும் காசு.

காலி டப்பாவுல நாமே மை ஊத்திக்கலாமேன்னு உலகம் பூரா ஜனங்க யோசிச்சாங்க. சென்னை ரிச்சி தெருவுல இருந்து நம்ம பக்கத்துச் சின்ன டவுன் வரைக்கும் சிரிஞ்சால மை ஏத்திக் கொடுக்கிற கடைகள் முளைச்சுது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? டப்பாவுல சின்னதா ஒரு சிப் வச்சாங்க. ஊத்தி முழுசா நிரப்பினாலும் 'தீர்ந்து போச்சு'ன்னு சிப் சொல்லும், மிஷின் அதை நம்பும்.

அமெரிக்காவுல இந்தச் சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. லெக்ஸ்மார்க்னு ஒரு கம்பெனி, லேசர் பிரிண்டர் டோனரை 'ஒரு தடவைதான் உபயோகிக்கணும், காலியை எங்ககிட்டதான் கொடுக்கணும்'னு நிபந்தனை போட்டுக் குறைச்ச விலைக்கு வித்தது. மேற்கு வர்ஜீனியாவுல இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி, நிரப்பின காலிகளை வாங்கி வித்துது. 2017ல தீர்ப்பு: ஒரு பொருளை வித்த பிறகு காப்புரிமையைக் காட்டி அதை மறிக்க முடியாது. வித்தா வித்ததுதான்.

இதைப் படிச்சப்பதான் எனக்கு விதை ஞாபகம் வந்தது. நம்ம நாட்டுல 2001ல பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் போட்டாங்க. பதிவு பண்ணின ரகமா இருந்தாலும் விவசாயி தன் வயல்ல விளைஞ்ச விதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வயக்காரருக்குக் கொடுக்கலாம், விக்கவும் செய்யலாம். கம்பெனி பேர் போட்ட பாக்கெட்டுல மட்டும் விக்கக் கூடாது. எங்க வீட்டுல நெல்லுக்கு இன்னும் அப்படித்தான், சாக்குல விதை தனியா நிக்கும். ஆனா வீரிய ஒட்டு ரகம்னா சட்டம் தடுக்காட்டியும் விதையே தடுத்துடும். எடுத்து வச்சு விதைச்சா தாய் மாதிரி வராது, வருஷா வருஷம் பாக்கெட்தான். சிப் வச்ச டப்பா ஒட்டு விதை மாதிரி. பாட்டில் மை எடுத்து வச்ச விதை நெல் மாதிரி. முழுசாப் பொருந்தாதுதான், ஆனா நம்ம புத்திக்கு இப்படித்தான் விளங்குது.

இப்ப எப்சன் கதைக்கு வர்றேன். இது கடிகாரக் குடும்பத்துக் கம்பெனி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல சீகோ நேரம் எடுத்தப்ப, நேரத்தை அச்சடிச்சுக் காட்டுற கருவி ஒண்ணு செஞ்சாங்க. அந்த வேலையில இருந்து 1968ல ஈ.பி.-101ங்கிற குட்டி பிரிண்டர் பிறந்தது. அந்த 'ஈ.பி.'யோட பிள்ளை, அதாவது ஆங்கிலத்துல சன், எப்சன்னு 1975ல பேர் வச்சாங்க. பிள்ளைக்கு அப்பன் பேரை முன்னால போடுற நம்ம வழக்கம்தான்.

1993ல இவங்க ஸ்டைலஸ் 800 பிரிண்டர்ல வேற வழி பிடிச்சாங்க. மையைச் சூடாக்கிக் குமிழி விடுறது இல்லை. கரண்ட் கொடுத்தா வளையிற ஒரு பொருள் இருக்கு, பீசோன்னு சொல்வாங்க. அது வளைஞ்சு மையை அமுக்கித் தள்ளும். கைத்தெளிப்பான் பிடியை அமுக்குற மாதிரி. சூடு இல்லாததால தெளிக்கிற தலை நாள்பட உழைக்கும். அதனால தலையை மிஷின்லயே வச்சுட்டு மை டப்பாவை மட்டும் மாத்தினாங்க. மை டப்பாவுல தலை இல்லைன்னா அது வெறும் மைக்கூடு. மைக்கூட்டுக்குக் குழாய் போட எத்தனை நேரம் ஆகும்?

குழாய் போட்டது இந்தோனேசியாக்காரங்க. ஜனம் அதிகம், கையில காசு குறைச்சல், அச்சடிக்க வேண்டியதோ நிறைய. அங்க கடைக்காரங்க எப்சன் பிரிண்டரை வாங்கி, பக்கத்துல நாலு மை டேங்க் ஒட்டி, மெல்லிசுக் குழாய் விட்டுப் புதுசாவே வித்தாங்க. நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்லயும் பிரிண்டர் பக்கத்துல சிவப்பு, நீலம், மஞ்சள், கருப்புன்னு குழாய் தொங்குறதை நானே பாத்திருக்கேன், ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற மாதிரி. மை கசியும், காத்து புகும், கம்பெனி வாரண்டி கிடையாது. ஆனாலும் ஜனம் அதைத்தான் வாங்குச்சு.

கம்பெனிக்கு ரெண்டு வழிதான். இன்னும் கெட்டியா ஒரு சிப் வச்சுச் சண்டை போடலாம். இல்லைன்னா கடைக்காரன் செய்யிறதைத் தானே சுத்தமாச் செய்யலாம். எப்சன் ரெண்டாவதைச் செஞ்சுது. 2010 அக்டோபர்ல, டேங்க் வச்ச எல்100, எல்200 பிரிண்டரை வாரண்டியோட இந்தோனேசியாவுலயே முதல்ல இறக்கினாங்க. மிஷின் விலை கூட, மை விலை மலிவு. பழைய கணக்கை அப்படியே கவுத்துப் போட்டாங்க. இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துடுச்சு. பணக்கார நாடான அமெரிக்காவுக்கு 2015லதான் போச்சு. அதுக்குப் பிறகு கேனான், எச்.பி., பிரதர்னு எல்லாரும் டேங்க்குக்கு வந்துட்டாங்க. பெரிய கம்பெனிக்குப் பெட்டிக்கடை பாடம் எடுத்த கதைன்னு நான் இதை வச்சுக்கிறேன். நல்ல மனசு வந்து மாறலை, வேற வழி இல்லாம மாறினாங்க.

நாங்க வாங்கினது 2021ல, சம்பா அறுப்பு முடிஞ்சதும். அந்த வருஷம் ஜனவரி மழையில சாஞ்சது போக மிச்சம்தான் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் போன்லயே நடந்துக்கிட்டிருந்த நேரம், பாப்பாவுக்குப் பாடத்தாளை அந்தச் சின்னத் திரையில பாத்துப் பாத்துக் கண்ணு எரிஞ்சது. மிஷின் 11,500 ரூபாய். சன்ன ரகம் குவிண்டால் 1,958 ரூபாய்க்குப் போட்டோம். நாப்பது கிலோ சிப்பம்னு கணக்குப் போட்டா பதினஞ்சு சிப்பம் நெல்லு.

கருப்பு பாட்டில் 65 மில்லி, முன்னூறு நானூறு ரூபாய்க்குள்ள. 4,500 பக்கம் வரும்னு கம்பெனி கணக்கு. நாம பட்டா, பெரிய பெரிய படம்னு அடிச்சா குறையும். பாதின்னே வச்சுக்குவோம், அப்பவும் ஒரு பக்கத்துக்கு மை இருபது பைசாவைத் தாண்டாது. அதைவிடக் காகிதம்தான் கூட.

நான் எதிர்பாக்காதது ஒண்ணு நடந்தது. பட்டாவை இப்ப அரசாங்க இணையதளத்துல யாரும் எடுக்கலாம். எங்க அப்பா காலத்துல அது கர்ணத்தோட கணக்குக் கட்டுக்குள்ள இருந்தது. பார்க்கணும்னா அவர் திண்ணையில காத்துக் கிடக்கணும், என்ன எழுதியிருக்குன்னு அவர் படிச்சுச் சொன்னாத்தான் உண்டு. 1980ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்தாங்க, வி.ஏ.ஓ. வந்தாங்க. ஆனாலும் கையில ஒரு நகல் வச்சுக்கிட்டவங்க எங்க தெருவுல கொஞ்சப் பேர்தான். நான் அடிச்சுக் கொடுக்க ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சுது, தெருவுல பல பட்டா இன்னும் செத்துப் போன தாத்தா பேர்லயே இருக்கு. போன்ல காட்டினப்ப "சரிப்பா"ன்னு போன சித்தப்பா ஒருத்தர், அதே பட்டாவைக் காகிதத்துல கொடுத்ததும் திண்ணையில உக்காந்து விரலை வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சார். அவரோட பங்கு நாலு மாவுல அவர் பேரே இல்லை. மறு வாரம் பேர் மாத்த மனு கொடுத்தார். அந்த மனுவும் நம்ம பிரிண்டர்லதான் அடிச்சது. வேலை இன்னும் முடியலை, அலைஞ்சுக்கிட்டிருக்கார்.

தெரு ஜனத்துக்கு ஒரு பக்கம் ரெண்டு ரூபாய்னு வீட்டுக்காரம்மா வாங்கி ஒரு டப்பாவுல போட்டு வைக்கிறாங்க. காகிதத்துக்கும் மைக்கும் அதுலயே சரியாப் போயிடுது.

வாங்க நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சம். வாரம் ஒரு பக்கமாவது கலர்ல அடிங்க, இல்லைன்னா தலை அடைச்சுக்கும். டேங்க்ல கீழ்க்கோட்டுக்கு மேலயே மை இருக்கணும், குழாய்ல காத்து புகுந்தா எடுக்கிறது பெரும்பாடு. எங்க மிஷின் மாதிரி சாய மைன்னா தண்ணி பட்டதும் கலையும். கொள்முதல் நிலையத்துக்கு மழையில போனப்ப சிட்டாவுல சர்வே நம்பர் வழிஞ்சு போய் மறுபடி வீட்டுக்கு வந்து அடிச்சுக்கிட்டுப் போனவங்க உண்டு. அதனால எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டுத்தான் கொடுக்கிறேன்.

இன்னொண்ணு, விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. தலையைச் சுத்தம் பண்றப்ப வழியிற மை, மிஷினுக்கு அடியில ஒரு ஸ்பாஞ்சுல போய்ச் சேரும். அது நிறைஞ்சுட்டதா மிஷின் கணக்குப் போட்டா வேலையை நிறுத்திடும், டேங்க் நிறைய மை இருந்தாலும். ஸ்பாஞ்சை மாத்தி அந்தக் கணக்கையும் திருப்பி வைக்கணும். எங்களுதுல போன வாரம் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிச்சிருக்கு. குறுவை நெல்லு களத்துக்கு வர்றதுக்குள்ள மாத்தியாகணும், மெக்கானிக் தம்பிக்குச் சொல்லி வச்சிருக்கேன், செவ்வாய்க்கிழமை வர்றேன்னிருக்கு.