பசலியும் மைதானமும்

தாம்பரம் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவன இருப்புப்பாதை நிலையமும், நெரிசல் மிகுந்த ஜி.எஸ்.டி. சாலையுமே. ஆயினும் நெடுங்காலம் அது செங்கற்பட்டுச் சீமையின் உழவூர்களுள் ஒன்று. இரும்புலியூர், சேலையூர், முடிச்சூர், செம்பாக்கம் எனச் சுற்றிலும் ஏரியூர்கள். ஏரிக்குக் கீழே நஞ்சை.

இவ்வூர்களின் வாழ்வில் இரண்டு சொற்கள் கலந்திருந்தன. ஒன்று, 'பசலி'. பருவம் எனப் பொருள்படும் 'ஃபஸ்ல்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஹிஜ்ரி ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதன்படி வரி கேட்டால், கதிர் முற்றுமுன்பே தண்டற்காரர் வாயிலில் நிற்கும் காலமும் வந்துவிடும்! எனவேதான் முகலாயர் காலத்தில் அறுவடையையொட்டிப் பசலி ஆண்டு வகுக்கப்பெற்றது. நம் கிராமக் கணக்குகளும் அதன்படியே எழுதப்பட்டன. மற்றொன்று, 'மைதானம்'. 'மைதான்' என்பது அரபியிலும் பாரசீகத்திலும் குதிரை ஓட்டும் திறந்தவெளியைக் குறிக்கும்.

ஊர்ச் சிறுவர்க்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும், தையில் அறுவடை. மாசி பிறந்ததும் தாள் காய்ந்த வயலும், நீர் வற்றிய ஏரியின் உட்பரப்பும் மைதானமாகிவிடும். சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் அங்கேதான். வயலுக்குடையவர் தடுப்பதில்லை, அடுத்த உழவுவரை அது ஊராருக்குப் பொது.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடியேறிற்று. அதன் விரிந்த வளாகத்தில் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடப்பட்டன. உழவூரின் சிறுவர்க்கு அவை புதுமை. தென்னை மட்டை கிரிக்கெட் மட்டையாயிற்று.

நாமும் 1980-களில் முடிச்சூர்ப் பக்கத்து வயல்களில் அப்படி ஆடியவர்களே. மஃரிபு பாங்கு கேட்டால் ஆட்டம் முடிந்தது. அவுட்டா, இல்லையா என்னும் வழக்கு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும். ஓர் ஆண்டு உழவு நடக்கவில்லை. வயலெங்கும் வெள்ளையடித்த மனைக்கற்கள் நின்றன. நாம் வருந்தினோமா? இல்லை. விக்கெட்டுக்குக் குச்சி தேடும் வேலை ஒழிந்ததென்று மகிழ்ந்தோம்! ஆண்டு முழுதும் ஆடலாம் என்றும் எண்ணினோம். இரண்டு மழைக்காலத்துக்குள் கற்களுக்கிடையே சுவர்கள் எழும்பின.

மைதானம் போனது மட்டுமன்று. நீர் தங்கும் இடமும் போயிற்று. 2015 டிசம்பர் 1-இல் பெய்யத் தொடங்கிய பெருமழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. எனப் பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தெருக்களில் படகு சென்றது. நாம் பந்து பொறுக்கிய பள்ளம் எது, களத்துமேடு எது என்பதை, வீடுகளில் நீர் நின்ற உயரத்தைக் கொண்டே அன்று அடையாளம் கண்டோம்.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பிள்ளைகள் இப்போது மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, வலை கட்டிய செயற்கைப் புல்தரையில், மின்விளக்கொளியில் ஆடுகின்றனர். வருவாய்த்துறையின் ஏடுகளிலோ ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் நாள் புதிய பசலி பிறந்துகொண்டுதான் இருக்கிறது.