பதுளை: நகரும் தோட்டமும்

நகர வரலாறுகள் பெரும்பாலும் அரசரையும் ஆளுநரையும் கட்டடங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளன. பதுளையும் இதற்கு விலக்கன்று. முதியங்கனை விகாரை, கதிர்காம தேவாலயம், 1886இல் அமைந்த ஊவா மாகாணத்தின் தலைநகர் என்னும் தகைமை ஆகியவற்றோடு அதன் வரலாறு நிறைவுறுவதாகவே தோன்றும். ஆயின், இந்நகரின் இன்றைய வடிவம் யாருடைய உழைப்பால் உருவாயிற்று என்னும் வினாவையே நாம் ஈண்டு எழுப்புகிறோம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நமுனுகுலை மலைத்தொடரை அண்டி அமைந்தது பதுளை. அதனை வளைத்தோடும் பதுளு ஓயா, துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாய் வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. பள்ளத்தாக்கில் நெல், சரிவில் தேயிலை என்னும் இந்நிலக்காட்சி இயற்கையின் கொடை மட்டுமன்று.

1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரித்தானியப் படைகள் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை நிறுவவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கியது. சிங்களக் கிராமவாசி பொதுநிலத்தை இழந்தான். கடனாலும் பஞ்சத்தாலும் விரட்டப்பட்ட தமிழகத்து உழவன் அந்நிலத்திற் கூலியானான். ஒரே பொருளாதார நியதியின் இரு விளைவுகளே இவை. இவ்விருவரையும் பகைவராக்கிக் காட்டும் வரலாற்றுப் பார்வை, பறித்தவனை மறைக்கிறது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டியிருந்தமையால் தொழிலாளர் லயன்களில் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டனர். கங்காணியின் கடன் அவர்களைப் பிணித்தது. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையின் முதன்மைப் பணி, மலையின் செல்வத்தைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதாகவே இருந்தது.

எனினும், தொழிலாளர் வாய்மூடி இருந்தாரல்லர். 1940இல் வெவெஸ்ஸ தோட்ட வேலைநிறுத்தம் ஊவாவை உலுக்கிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்களுள் பதுளையும் ஒன்று. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியமை தற்செயலன்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. இவ்வாழ்வை உள்ளிருந்து பதிவுசெய்தது இலக்கியமே. தோட்டப் பெயரொன்றையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றநிலைக்குப் பெருமளவு முடிவுகட்டிற்று. நிலவுரிமை வினா முடியவில்லை. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தபோது, மாண்டோர் தமக்கெனக் காணி ஏதுமில்லாத உழைப்பாளரே. அவர்களை விலக்கி எழுதப்படும் பதுளை வரலாறு, மலையை விடுத்து நதியை விளக்குவதற்கு ஒப்பாகும்.