இரண்டு சென்டிமீட்டர்

கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டு. ஆண்குறிப் புற்றுநோய்க்கு நாங்கள் மருத்துவம் படித்த காலத்துப் பாடம் இதுதான். கேட்கச் சின்ன அளவு. ஆனால் நின்றபடி சிறுநீர் கழிக்க முடியுமா, ஆயுளுக்கும் உட்கார்ந்தே கழிக்க வேண்டுமா என்பதை அந்த உறுப்பில் அந்த அளவே தீர்மானித்துவிடும். நான் பேத்தாலஜிக்காரன். எங்களுக்கு நோயாளியின் முகம் தெரியாது, ஃபார்மலின் ஜாடிதான் தெரியும். வெட்டிய விளிம்பில் கறுப்பு மை தடவி, துண்டு போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பல ஜாடிகளில் கட்டி முன்பக்கத்தோடு நின்றிருக்கும். பின்னால் சேர்ந்து வந்ததெல்லாம் நல்ல சதை. பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

சதையை மிச்சப்படுத்தலாம் என்று முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் மோஸ். மாணவராக எலிகளின் கட்டிகளில் ரசாயனங்களைச் செலுத்திப் பார்த்தபோது, துத்தநாகக் குளோரைடு திசுவைக் கொன்றாலும் அதன் நுண்ணமைப்பைக் கலைக்கவில்லை என்று கண்டார். 1936-இல் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கி, 1941-இல் கட்டுரை வெளியிட்டார். துத்தநாகக் குளோரைடு பசையைப் புண்ணில் பூசி, மறுநாள் ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து, வரைபடம் போட்டு, கீழ்ப்பரப்பு முழுவதையும் ஆராய்ந்து, புற்று மிஞ்சியிருக்கும் மூலையில் மட்டும் மறுபடி பசை பூசுவார். வழக்கமாக நாங்கள் இட்லியைக் குறுக்கே வில்லை போடுவதுபோல் வெட்டுவோம். இரு வில்லைகளுக்கு நடுவே இருப்பது கண்ணில் படாது. மோஸ் அந்த இட்லியின் அடிப்பக்கத்தை அப்படியே சீவிப் பார்த்தார். ஆனால் பசையால் நோயாளிக்கு எரிச்சலும் வலியும் கடுமை, நாட்களும் இழுக்கும். 1953-இல் கண்ணிமை அறுவையைப் படம்பிடிக்கும்போது நேரத்தை மிச்சப்படுத்தப் பசையில்லாமல், உறையவைத்த பச்சைத் திசுவிலேயே பார்த்தார். 1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் டிரோமோவிச்சும் ஸ்டெக்மனும் அதையே பொதுமுறையாக்கினார்கள். ஆண்குறிப் புற்றுக்கு இந்த முறை தந்த பலன்களை மோஸ் குழுவினர் 1985-இல் எழுதினார்கள். கட்டி சிறிதாக இருந்தவர்களுக்கே நல்ல பலன்.

இந்தக் கதையில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. அங்குள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மருத்துவர்கள், புற்றுக்காக வெட்டியெடுத்த 64 உறுப்புகளை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் கட்டியைத் தாண்டிப் புற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்து, 2000-இல் வெளியிட்டார்கள். வீரியத்தை வைத்துப் பிரிக்கும் தரங்களில் முதல் இரண்டு தரப் புற்றுகளில் அதிகபட்சம் 5 மில்லிமீட்டர், மூன்றாம் தரத்தில் 10. ஆகவே முறையே 10, 15 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் போதும் என்றார்கள். ஜாடியும் மையும் அளவுகோலும் பொறுமையும் கொண்டு செய்த வேலை அது. உலகமெங்கும் சிறுநீரகவியல் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுவதில் எனக்குப் பெருமை உண்டு. பின்னாளில் லண்டன் மருத்துவர்கள் இன்னும் குறைத்துப் பார்த்தார்கள். சில மில்லிமீட்டரே போதும் என்பது இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல். உறுப்பைக் காத்தால் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் விடாமல் பரிசோதனைக்கு வந்தால் அதையும் பிடித்து நீக்கிவிடலாம். பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை.

இத்தனை வழி இருந்தும் நம் ஊரில் பலர் அரையில் நெறி கட்டிய பிறகுதான் வருகிறார்கள். ரிப்போர்ட் வாங்க வந்த ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசமா அவரு வேட்டிய அவரே தொவச்சுக்கிட்டாருங்க, டாக்டர். கேட்டா எரிஞ்சு விழுவாரு." அந்த மனிதருக்கு முழு உறுப்பையும் எடுக்க வேண்டியதாயிற்று.

முன்தோலுக்கு அடியில் புண்ணோ, தடிப்போ, நாற்றமுள்ள கசிவோ மூன்று வாரத்தில் ஆறவில்லையென்றால், தோல் பின்னுக்கு வர மறுத்தால், களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். சிறுநீரகவியல் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். கூச்சப்பட்டு வீட்டில் யாராவது மறைத்தால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.