வழி மாறி வரும் ரயில்கள்

நியூயார்க் சப்வேயில் தினமும் போய்வருபவர்களுக்கு ரயிலின் நெற்றியில் இருக்கும் எழுத்தோ எண்ணோதான் முக்கியம். ஏ, எஃப், கியூ என்று சில தடங்களுக்கு எழுத்துகள். 1, 4, 7 என்று சில தடங்களுக்கு எண்கள். தன் எழுத்து வந்தால் ஏறுவார்கள், வராவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பார்கள். ஆனால் அதே நகரத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. வரக்கூடாத தடத்தில் வரும் ரயிலைப் பார்ப்பதற்காகவே கேமராவோடு பிளாட்பாரத்தில் காத்திருக்கும் கூட்டம் அது! எழுத்துத் தடத்தில் எண் ரயில் ஒன்று வந்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் திருவிழாதான். இது இன்று நேற்று முளைத்த பொழுதுபோக்கும் அல்ல. நியூயார்க்கின் ரயில் ரசிகர்கள் எலக்ட்ரிக் ரயில்ரோடர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கியது 1934-ல்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையில்லாதவர்களின் வேலையாகத் தெரியலாம். ஆனால் ஒரு ரயில் ஏன் இந்தத் தடத்தில் வரக்கூடாது, வராத ரயில் எப்படி வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினால், அந்த நகரத்தின் நூறு வருட வரலாறே கைக்கு வந்துவிடும்.

மூன்று நிர்வாகங்கள், இரண்டு அளவுகள்

இன்று ஒரே அமைப்பாகத் தெரியும் நியூயார்க் சப்வே, ஒரே அமைப்பாகக் கட்டப்பட்டது அல்ல. முதல் சுரங்கத் தடத்தை ஐ.ஆர்.டி. என்ற தனியார் கம்பெனி 1904 அக்டோபர் 27 அன்று ஓட்டத் தொடங்கியது. கட்டணம் 5 சென்ட். இந்தக் கம்பெனியின் பெட்டிகள் சுமார் 51 அடி நீளமும், 9 அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டவை. சுரங்கமும் அந்த அளவுக்கே வெட்டப்பட்டது.

அடுத்து வந்தது புரூக்ளினைச் சேர்ந்த பி.ஆர்.டி. கம்பெனி. 1913-ல் நகர நிர்வாகம் இரண்டு கம்பெனிகளோடும் ஒப்பந்தம் போட்டு, சப்வேயைப் பெரிய அளவில் விரிவாக்கியது. அப்போது பி.ஆர்.டி. தன் புதிய தடங்களுக்கு 67 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட பெரிய பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தது. பெரிய பெட்டி என்றால் அதிகப் பயணிகள். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பெட்டி ஐ.ஆர்.டி. சுரங்கத்துக்குள் நுழையவே முடியாது! பின்னாளில் பி.ஆர்.டி. திவாலாகி, 1923-ல் பி.எம்.டி. என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது.

மூன்றாவது வரவுக்குப் பின்னால் ஒரு கோபக் கதை இருக்கிறது. ஜான் ஹைலன் என்பவர் புரூக்ளினில் ரயில் ஓட்டிக்கொண்டே சட்டம் படித்தவர். அந்த ரயில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவரே 1918-ல் நியூயார்க்கின் மேயர் ஆனார். தனியார் ரயில் கம்பெனிகள் மீது அவருக்கு இருந்த கசப்பு ஊரறிந்தது. நகரமே சொந்தமாக ஒரு சப்வே கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1925-ல் வேலையைத் தொடங்கிவைத்தார். அப்படி உருவான ஐ.என்.டி. தடம் 1932 செப்டம்பர் 10 அன்று திறக்கப்பட்டபோது அவர் பதவியில் இல்லை. ஐ.என்.டி. பெட்டிகள் 60 அடி நீளம், 10 அடி அகலம். அதாவது பி.எம்.டி.யின் அகலமே.

1940-ல் நகரம் இரண்டு தனியார் கம்பெனிகளையும் விலைக்கு வாங்கி, மூன்றையும் ஒன்றாக்கியது. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். சுரங்கத்தின் சுவரை மாற்ற முடியுமா? இன்றும் எண் போட்ட ரயில்கள் பழைய ஐ.ஆர்.டி.யின் குறுகலான பெட்டிகள், எழுத்துப் போட்ட ரயில்கள் மற்ற இரண்டின் அகலமான பெட்டிகள். பயணி சாதாரணமாகப் பார்க்கும் அந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு பழைய வியாபாரப் போட்டி ஒளிந்திருக்கிறது.

குறுகலான ரயிலுக்கு எங்கும் வழி

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று நிர்வாகங்களும் தண்டவாளத்தின் அகலத்தை மட்டும் ஒன்றாகவே வைத்திருந்தன. 4 அடி எட்டரை அங்குலம். ஆகவே அகலமான பெட்டி குறுகலான சுரங்கத்துக்குள் போக முடியாவிட்டாலும், குறுகலான பெட்டி அகலமான சுரங்கத்துக்குள் தாராளமாகப் போகலாம். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே அரை அடிக்கு மேல் சந்து விழும் என்பதால் பயணிகளை மட்டும் ஏற்ற முடியாது.

இதனால்தான் எந்தத் தடத்துக்கும் போகவேண்டிய சிறப்பு ரயில்களுக்குக் குறுகலான பெட்டிகள் வசதியாக இருந்தன. அவற்றில் ரசிகர்களிடம் மிகவும் பெயர் வாங்கியது பண ரயில். ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று கட்டணப் பணத்தைச் சேகரித்துக்கொண்டு போகும் ரயில் அது. பழைய பயணிகள் பெட்டிகளை மாற்றியமைத்து, ஆயுதம் ஏந்திய காவலர்களோடு ஓட்டினார்கள். 1951-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2006 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அந்த வேலையைக் கவச வண்டிகள் சாலை வழியாகச் செய்கின்றன.

இன்னொரு நல்ல உதாரணம் 7-ஆம் எண் ரயில். குவீன்ஸ் பகுதியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வரும் இந்தத் தடம் ஐ.ஆர்.டி. குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் மற்ற தடங்களோடு அதற்கு நேரடித் தண்டவாள இணைப்பு கிடையாது. வெளியுலகத்தோடு அதற்கு இருக்கும் ஒரே தண்டவாளத் தொடர்பு குவீன்ஸ்போரோ பிளாசா என்ற ஸ்டேஷன் அருகே, பி.எம்.டி.யின் அஸ்டோரியா தடத்தோடு இருக்கிறது.

அந்த இணைப்பு ஏன் அங்கே இருக்கிறது? 1923 முதல் 1949 வரை அஸ்டோரியா, ஃப்ளஷிங் ஆகிய இரண்டு தடங்களிலும் இரண்டு கம்பெனிகளின் ரயில்களும் ஓடின. பிளாட்பாரங்கள் ஐ.ஆர்.டி. அளவுக்குக் கட்டப்பட்டவை. பி.எம்.டி.யின் அகலமான பெட்டிகள் அங்கே போகமுடியாது. அதனால் பி.எம்.டி. பயணிகள் குவீன்ஸ்போரோ பிளாசாவில் இறங்கி, குறுகலான பழைய பெட்டிகளுக்கு மாறிப் போனார்கள். 1949-ல் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். ஃப்ளஷிங் தடம் ஐ.ஆர்.டி.க்கு மட்டும். அஸ்டோரியா தடம் பி.எம்.டி.க்கு மட்டும். அஸ்டோரியா ஸ்டேஷன்களின் பிளாட்பார விளிம்புகளை வெட்டி, பெரிய பெட்டிகளுக்கு இடம் செய்தார்கள்.

கூட்டுக் குடித்தனம் முடிந்தது, ஆனால் இணைப்புத் தண்டவாளம் தங்கிவிட்டது. பெரிய பழுதுபார்ப்புக்காக 7-ஆம் தடத்துப் பெட்டிகள் நகரத்தின் தெற்குக் கோடியில் உள்ள கோனி ஐலண்ட் பணிமனைக்குப் போகவேண்டுமென்றால் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். பயணிகள் இல்லாத அந்தக் குறுகலான ரயில், எழுத்துத் தடங்களின் ஸ்டேஷன்கள் வழியாக நகரத்தைக் கடக்கிறது. விவரம் தெரியாதவருக்கு வழிதவறிய ரயில். விவரம் தெரிந்தவருக்கு 1923-ல் நடந்த ஒரு பங்கீட்டின் மிச்சம்.

ஒட்டுப்போட்ட இடங்கள்

மூன்று நிர்வாகங்களும் ஒன்றானபின் நகரம் செய்த முக்கியமான வேலை, பி.எம்.டி.யையும் ஐ.என்.டி.யையும் ஆங்காங்கே ஒட்டவைத்தது. இரண்டுக்கும் ஒரே அகலம் என்பதால் இது சாத்தியமானது. 1954-ல் புரூக்ளினில் ஒரு சாய்தளம் கட்டி, ஐ.என்.டி. ரயில்களைப் பழைய பி.எம்.டி. மேம்பாலத் தடத்தின் வழியே கோனி ஐலண்டுக்கு அனுப்பினார்கள். 1955 டிசம்பர் 1 அன்று 60-ஆம் தெருச் சுரங்கத்தின் இணைப்பு வந்தது. பிராட்வே ரயில்கள் குவீன்ஸ் புலவார்டு தடத்துக்குள் போக முடிந்தது அதன் பிறகுதான். 1967 நவம்பர் 26 அன்று கிறிஸ்டி தெரு இணைப்பு திறந்து, ஐ.என்.டி.யின் ஆறாவது அவென்யூ தடத்தை பி.எம்.டி.யின் பாலத் தடத்தோடு சேர்த்தது.

ஒட்டுப்போட்ட எல்லா இடங்களும் உடனே பயன்பட்டுவிடவில்லை. கிறிஸ்டி தெரு இணைப்பில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தை நோக்கித் திரும்பும் கிளையில் ஓடிய பயணிகள் சேவை 1976-ல் நின்றுபோனது. அதன் பின் 34 வருடங்கள் அந்தக் கிளைக்கென்று வழக்கமான ரயில் எதுவும் இல்லை. 2010 ஜூனில் நிதி நெருக்கடியால் சில தடங்களை மூடியபோது, எம் ரயிலை அந்தக் கிளை வழியாகத் திருப்பிவிட்டார்கள். பழுப்பு நிறத்தில் இருந்த எம் என்ற எழுத்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. சிக்கனத்துக்காகச் செய்த அந்த மாற்றம் நிரந்தரமாகிவிட்டது. அன்றைக்கு விநோதமாகத் தெரிந்த ரயில் இன்று பலருக்கு வழக்கமான ரயில்!

2001 செப்டம்பர்

வழி மாறிய ரயில் வேடிக்கையாக இல்லாமல்போன காலமும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் கோபுரங்கள் சரிந்தபோது, அவற்றுக்குக் கீழே போன 1-ஆம் எண் தடத்தின் சுரங்கமும் கோர்ட்லண்ட் தெரு ஸ்டேஷனும் நசுங்கின. அருகில் இருந்த பிராட்வே தடமும் மூடப்பட்டது.

அடுத்த சில நாட்களில் சப்வே வரைபடமே வேறாகிவிட்டது. மன்ஹாட்டனின் தென்முனைக்குப் போகவேண்டிய 1-ஆம் எண் ரயில், புரூக்ளினின் நியூ லாட்ஸ் அவென்யூ வரை ஓடியது. வழக்கமாக அங்கே போகும் 3-ஆம் எண் ரயில் 14-ஆம் தெருவிலேயே நின்று திரும்பியது. ஆர் ரயில் நின்றுபோன பே ரிட்ஜ் பகுதிக்கு ஜே ரயில் போனது. என் ரயிலின் புரூக்ளின் தடத்தில் எம் ரயில் போனது. பிராட்வே தடம் அக்டோபர் 28 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. 1-ஆம் எண் ரயில் தன் பழைய வழிக்குத் திரும்ப ஒரு வருடம் ஆனது. கோர்ட்லண்ட் தெரு ஸ்டேஷன் மறுபடி திறக்கப்பட்டது 2018 செப்டம்பரில்தான்.

அந்த வாரங்களில் பே ரிட்ஜ் பிளாட்பாரத்தில் வந்து நின்ற ஜே ரயிலை யாரும் வேடிக்கை பார்த்திருக்க மாட்டார்கள். அது வேலைக்குப் போகும் வழி, வீட்டுக்குத் திரும்பும் வழி. அந்த ரயில்கள் போன வழிகள் அவசரத்தில் கட்டியவை அல்ல. தடம் மாற்றும் தண்டவாளங்களும் ஆற்றுக்கு அடியிலான சுரங்கமும் பல பத்தாண்டுகளாக அங்கேயே இருந்தவை. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருந்ததால் நகரம் நகர்ந்தது.

லாரியில் வந்த ரயில்

வேறு வழி இல்லாத இடத்தில் என்ன ஆகும்? அதற்கும் நியூயார்க்கில் பதில் உண்டு. கடலோரமாக இருக்கும் ராக்கவே பகுதிக்கு ஏ ரயில் ஜமைக்கா விரிகுடாவைக் கடந்து போகிறது. இந்த மூன்று நிர்வாகங்களுக்கும் சொந்தமாக இல்லாத தடம் அது. லாங் ஐலண்ட் ரயில்ரோடிடமிருந்து நகரம் வாங்கி, 1956-ல் சப்வேயோடு சேர்த்தது. ராக்கவேக்கு சப்வே வரும் தண்டவாள வழி அது ஒன்றே.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அந்தத் தடத்தை அரித்துக்கொண்டு போனது. ராக்கவே தனித்தீவு மாதிரி ஆனது. சுற்றிவர மாற்றுத் தண்டவாளம் இல்லை. கடைசியில் 20 சப்வே பெட்டிகளை லாரிகளில் ஏற்றி, சாலை வழியாகக் கொண்டுபோய் அங்கே இருந்த தண்டவாளத்தில் இறக்கினார்கள்! நவம்பர் 20 முதல் ஹெச் என்ற எழுத்தோடு அந்த ரயில் ராக்கவேக்குள்ளேயே இலவசமாக ஓடியது. ஏ ரயில் திரும்பி வந்தது 2013 மே 30 அன்று.

2001-ல் ஒரு ரயில் இன்னொன்றின் வேலையைச் செய்தது. 2012-ல் ராக்கவேயில் ரயிலே லாரி ஏறியது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இணைப்புத் தண்டவாளம்தான்.

சாதாரண நாட்களில் இத்தகைய இணைப்புகளைப் பார்த்தால் வீண்செலவு என்றே தோன்றும். தினமும் ரயில் ஓடாத தண்டவாளத்துக்கு எதற்குப் பராமரிப்பு, எதற்கு சிக்னல் என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பது நியாயம்தான். பதில் அந்தக் கணக்குப் புத்தகத்தில் கிடைக்காது. எப்போதோ ஒரு நாள் வழி மாறி வரும் ரயிலிடம் கிடைக்கும். பிளாட்பாரத்தில் கேமராவோடு நிற்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பதிலைத்தான் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.