ஹிப் ஹாப் பிறந்த அடுக்குமாடி: ஒரு பற்று வரவுக் கணக்கு



ஹிப் ஹாப் என்றதும் என் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிப்பீர்கள். 1994இல் ‘காதலன்’ படத்தில் வந்த ‘பேட்டை ராப்’ பாட்டோடு நம் பரிச்சயம் பெரும்பாலும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பேரப்பிள்ளைகளின் காதில் மாட்டியிருக்கும் கருவிக்குள் போய்விட்டது. ஆனால் இந்த இசை எங்கே பிறந்தது தெரியுமா? ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில். நம் காலாண்டு மடலில் இதை எழுத அந்த ஒரு காரணமே போதும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த இசையைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: யார் அசல், யார் நகல்? ஏழைப் பேட்டையில் பிறந்தவருக்கு மட்டும்தான் இது சொந்தமா? எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அது கெட்டுப்போய்விடுமா? கணக்கு எழுதியே காலம் கழித்தவன் என்பதால், இந்த வழக்கைப் பற்று வரவாகப் பிரித்துப் பார்க்கிறேன். உடன் வாருங்கள்.

கூடத்து வாடகையும் நுழைவுக் கட்டணமும்

நியூயார்க் நகரின் வடக்கே பிராங்க்ஸ் பகுதி. அங்கே செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடம், 102 வீடுகள் கொண்டது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கேம்பெல் குடும்பம் அங்கே வாடகைக்கு இருந்தது. மகள் சிண்டி, பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தாள். குடியிருப்பின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு நடன விருந்து நடத்துவது. பெண்களுக்கு நுழைவு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அழைப்பிதழ்களைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். பாட்டுப் போடும் பொறுப்பு அண்ணன் கிளைவுக்கு. அவருக்கு அப்போது வயது 18. ஒலிபெருக்கிகள் அப்பாவுடையவை. தேதி 1973 ஆகஸ்ட் 11.

கூல் ஹெர்க் என்று பெயர் பெற்ற கிளைவ், ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். பல பாட்டுகளில் பாடுகிறவர் நிறுத்திவிட, தாளம் மட்டும் தனியே ஒலிக்கும் சில நொடிகள் வரும். நம் கச்சேரித் தனி ஆவர்த்தனத்தின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவர்கள் காத்திருப்பது அந்தச் சில நொடிகளுக்குத்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு ரெக்கார்டு பிளேயர்களில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். அதன்மேல் ஒலிவாங்கியில் நண்பர்களின் பெயர் சொல்லி உற்சாகப்படுத்தும் பேச்சு. ராப் அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்தது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனியுங்கள். அந்த நாட்களில் பிராங்க்ஸின் தென்பகுதி நொடித்துப் போயிருந்தது. நகரை ஊடறுத்துப் போட்ட விரைவுச்சாலையால் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 1970களில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. காப்பீட்டுத் தொகைக்காக உரிமையாளர்களே தீ வைக்க ஆள் அனுப்பியதும் உண்டு. ஆனால் 1520ஆம் எண் கட்டடம் இடிபாடு அல்ல. மிட்செல்-லாமா என்ற அரசுத் திட்டத்தின் கீழ் வந்த வீடுகள் அவை. 1955இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம் அது: கட்டுகிறவருக்குக் குறைந்த வட்டிக் கடன், வரிச் சலுகை, பதிலுக்கு லாபத்துக்கும் வாடகைக்கும் உச்சவரம்பு. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களுக்கான வீடுகள். ஆக, ஹிப் ஹாப்பின் முதல் முகவரியே முழு ஏழ்மையும் இல்லை, வசதியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாடகை கட்டத் திணறாத ஒரு கூரையின் கீழ் அது பிறந்தது. கூடம் என்று ஒன்று இருந்ததால்தான் விருந்து நடந்தது.

பேரேட்டில் ஏறாத பெயர்

ஆறு ஆண்டுகள் இந்த இசை கூடங்களிலும் பூங்காக்களிலும் கைமாறிய ஒலிநாடாக்களிலும் வாழ்ந்தது. ஊர் முழுக்க அதைக் கேட்க வைத்தது ஒரு வெளியாள் முயற்சி. 1979இல் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், சில்வியா ராபின்சன் என்ற பழைய பாடகி, மூன்று இளைஞர்களைச் சேர்த்து சுகர்ஹில் கேங் என்று பெயரிட்டு ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற பாட்டை வெளியிட்டார். நீண்ட பதிப்பு ஏறத்தாழ 14 நிமிடம். அமெரிக்காவின் முதல் 40 பாட்டுகள் பட்டியலில் நுழைந்த முதல் ராப் பாட்டு அதுதான். பிராங்க்ஸ் மேடைகளில் அந்த மூவரையும் எவருக்கும் தெரியாது.

மூவரில் ஒருவரான ஹாங்க், பீட்சா கடையில் வேலை பார்த்தவர். பிராங்க்ஸில் பெயர் பெற்றிருந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருக்கு மேலாளராகவும் இருந்தவர். பாடக் கூப்பிட்டதும் காஸின் வரிகளைத்தான் எடுத்துக்கொண்டு போனார். எந்த அளவுக்கு என்றால், காஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. தன் பாட்டில் அடுத்தவர் பெயரை எழுத்துக்கூட்டிப் பாடியிருக்கிறார்! அடுத்தவர் காசோலையில் அடுத்தவர் கையெழுத்தையே போட்டுப் பணம் எடுத்த மாதிரி.

இப்போது பற்றையும் வரவையும் பாருங்கள். அந்தப் பாட்டின் அடித்தாளம், ஷிக் என்ற குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ஆசிரியர்கள் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் ஏற்கெனவே வெற்றி பெற்றவர்கள். வழக்குப் போடுவோம் என்றார்கள். பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறியது. வரிகளை எழுதிய காஸின் பெயர் ஏறவில்லை. வழக்கறிஞர் வைத்திருந்தவருக்கு வரவு வந்தது. நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்திருந்தவருக்கு வரவில்லை. வர்க்கம் என்ற கனமான சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏழ்மைச் சான்றிதழ்

இதன் பிறகுதான் ‘யார் அசல்’ என்ற கேள்வி சூடு பிடித்தது. ‘எங்கே பிறந்தாய், எந்தத் தெரு’ என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நிறையப் பேர் தேறமாட்டார்கள்.

சேரி வாழ்வின் கொடுமையைச் சொன்ன முதல் பெரிய ராப் பாட்டு 1982இல் வந்த ‘தி மெசேஜ்’. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்தாலும், அதைப் பெரும்பாலும் எழுதியவர் எட் ஃபிளெட்சர். நியூ ஜெர்சிக்காரர், கல்லூரிப் பட்டதாரி, பிற்காலத்தில் ஆசிரியர். ஃபிளாஷின் குழுவில் பலருக்கு முதலில் அந்தப் பாட்டே பிடிக்கவில்லை. விருந்துக்கு வருகிறவர்களிடம் வீட்டுக் கஷ்டத்தைப் பாடுவதா என்று தயங்கினார்கள். கஷ்டப்பட்டவர்கள் கொண்டாட்டத்தைப் பாட விரும்பினார்கள். படித்தவர் கஷ்டத்தை எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 50 ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று.

1986இல் ராப்பைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோன ரன்-டிஎம்சி குழுவினர், சொந்த வீடுகள் நிறைந்த குவீன்ஸ் பகுதியின் ஹாலிஸைச் சேர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். போராட்டக் குரலாகக் கொண்டாடப்படும் பப்ளிக் எனிமியின் சக் டி, புறநகர்ப் பையன். பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்தவர். தென் பிராங்க்ஸின் பெருமைக்காகப் பாட்டாலேயே சண்டை போட்ட கேஆர்எஸ்-ஒன் பிறந்தது புரூக்ளினில். வீடில்லாதோர் விடுதியில் தங்கியிருந்த அவருக்குக் கூட்டாளியாக அமைந்த ஸ்காட் லா ராக், அதே விடுதியில் வேலை பார்த்த பட்டதாரி சமூகப் பணியாளர். விடுதியில் தங்கியவரும் அங்கே சம்பளம் வாங்கியவரும் சேர்ந்து செய்த இசைதான் தென் பிராங்க்ஸின் குரல் ஆனது. இவர்களில் யாரை நகல் என்று தள்ளுவீர்கள்?

அதற்காக எல்லோரும் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. 1990இல் வனிலா ஐஸ் என்ற இளைஞரின் பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் பாட்டு ஆனது. மயாமியின் முரட்டுத் தெருக்களில் வளர்ந்தவர் என்று அவரைப் பற்றி விளம்பரம் செய்தார்கள். அவர் வளர்ந்தது பெரும்பாலும் டல்லாஸின் வசதியான புறநகரில் என்று பத்திரிகை ஒன்று வெளியிட்டதும் பெயர் சரிந்தது. அவர் ஏழை இல்லை என்பது குற்றமில்லை. சக் டியும் ஏழை இல்லை. இல்லாத முகவரியைத் தனதென்று காட்டியதுதான் குற்றம். பொய்யான இருப்பிடச் சான்று கொடுத்துக் கடன் வாங்குவது போல.

வெகுஜன ஆதரவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1991 மே மாதம் வரை அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியல், கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்ன தரவரிசையை நம்பித் தயாரானது. அந்த மாதம் முதல் கல்லாவில் பட்டைக்குறியீட்டைப் படித்து, விற்றதை விற்றபடி எண்ணினார்கள். அடுத்த மாதமே என்டபிள்யூஏ என்ற கலிஃபோர்னிய ராப் குழுவின் இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. ராப் கேட்கும் கூட்டம் ஒரே மாதத்தில் பெருகிவிடவில்லை. ஏற்கெனவே இருந்தது, குத்துமதிப்பில் காணாமல் போயிருந்தது. ஒழுங்காக எண்ணினால் யாருடைய பங்கும் தெரியவரும்.

கட்டடத்தின் கதை

கடைசியாக அந்தக் கட்டடத்துக்கே வருவோம். மிட்செல்-லாமா திட்டத்தில் ஒரு ஷரத்து: இருபது ஆண்டுகள் ஆனதும் உரிமையாளர் கடனை அடைத்துவிட்டுத் திட்டத்திலிருந்து விலகலாம். வாடகை வரம்பும் கூடவே போய்விடும். 2007இல் உரிமையாளர்கள் விலக முற்பட்டார்கள். வாடகைதாரர்கள் ஒன்றுகூடினார்கள், கூல் ஹெர்க்கும் வந்து நின்றார். ஹிப் ஹாப் பிறந்த இடம் என்று மாநில அரசு அதை அங்கீகரித்தது. ஆனால் பெருமை வாடகையைக் குறைக்கவில்லை. 2008இல் விற்பனை நடந்தே விட்டது, பராமரிப்பு சீரழிந்தது. குடியிருப்போர் விடாமல் போராடியதால், நகர நிர்வாகத்தின் கடன் உதவியோடு 2011 வாக்கில் கட்டடம் குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உலகம் முழுதும் கோடிக்கணக்கில் புரண்ட இசையின் தொட்டில், தன் 102 வீடுகளின் வாடகைக்காகப் போராட வேண்டியிருந்தது.

என் ஐந்தொகை இதுதான். யார் பாடினார், எந்தத் தெரு, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதெல்லாம் அசலைத் தீர்மானிப்பதில்லை. வரிக்குச் சொந்தக்காரர் பெயர் பேரேட்டில் ஏறியதா, சொல்லும் முகவரி உண்மையா, தொடங்கிய இடத்துக்கு ஏதாவது திரும்பியதா என்ற மூன்று கேள்விகள் போதும்.

நம் வளாகப் பிள்ளைகளும், நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து என்றாவது பொதுக்கூடத்தை ஒரு மாலைக்குக் கேட்டால், ‘சத்தம்’ என்று சொல்லி மறுக்கும் முன் அந்த 25 சென்ட் நுழைவுச்சீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணி விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்வோம். அறிவிப்புப் பலகையில் யார் எழுதியது, யார் பாடியது என்று பெயர்களை மட்டும் சரியாகப் போடுவோம்.