தெப்ரேயாஜ்

நான் படித்தது புதுவையில், பிரெஞ்சு வழியில். கிளட்ச் எங்களுக்கு 'ஆம்ப்ரேயாஜ்'. அதை மிதித்து விடுவிப்பது 'தெப்ரேயாஜ்'.

எஞ்சினோடு சுழல்வது ஃபிளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் வலுவால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்தப் பிடியைத் தளர்த்தும். எஞ்சின் ஓடும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. 1891-இல் பாரிஸின் பனார் லெவாசோர் கம்பெனி, முன்னால் எஞ்சின், அடுத்து கிளட்ச், பிறகு கியர்பாக்ஸ் என்று வரிசைப்படுத்தியது. நெடுங்காலம் பெரும்பாலான கார்கள் அந்த வரிசையிலேயே வந்தன.

அக்கால ஆலைகளிலும் இச்சொல் புழங்கியது. ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டுப் பல இயந்திரங்களை ஓட்டுவார்கள். தொழிலாளி தன் இயந்திரத்தை அதிலிருந்து விடுவித்தால் தெப்ரேயாஜ். அதனால் பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கும் அந்தப் பெயர் வந்தது.

1936 ஜூலையில் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் மாண்டார்கள். அதன் பிறகே 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது.

மாலையானால் ஃபைலை மூடிவிட்டு வீடு திரும்பிய குமாஸ்தா நான். கிளட்சை மிதிக்கும்போது சில நாள் அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்துக்கொள்வேன்.